இருக்கை கூறுவது

சென்ற மாதம் என்னைத் தேடி இரண்டு இளம் பொறியாளர்கள் வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற நிறுவனத்தில் இப்போது பணியாற்றுகிறவர்கள். மோட்டார் சைக்கிள் சீட்களுக்கு உறையாகும் ரெக்சின் துணியை அந்த நிறுவனம் இன்றும் செய்கிறது. ஆனால் கெட்டுப்போன சீட் எதனால் கெட்டது என்று சொல்ல இப்போது இயந்திரம் வந்துவிட்டதாம். நகக்கண் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்தால், அதில் என்னென்ன பட்டிருக்கிறது என்பதைக் கோடு கோடாக வரைந்து காட்டிவிடும் என்றார்கள். "உங்க காலத்துல எத வச்சு சார் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். மூக்கை வைத்து என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

தங்கள் பணியாளர் மலருக்கு அந்த அனுபவங்களை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். என் மனைவி இருந்திருந்தால் அவர்களுக்கு நல்ல காபி கிடைத்திருக்கும். நான் மோர் கொடுத்து அனுப்பினேன். அதில் உப்புப் போடவில்லை என்பது மிச்சமிருந்ததை நான் குடித்தபோதுதான் தெரிந்தது.

படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வேதியியலில் பட்டம், அதன் பின் சென்னையில் தோல் தொழில்நுட்பம். பதனிடும் தொட்டிகளின் அருகே நின்று நின்று, மூக்கு என்பது முகத்துக்கு ஓர் அலங்காரம் என்ற அளவுக்கு என் மோப்பம் மழுங்கியிருந்தது. தோலைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரியும் என்ற நிறைவோடு வேலையில் சேர்ந்தேன். அப்போது நிறுவனம் தோலைக் கைவிட்டு முழுக்க ரெக்சினுக்கு மாறிக்கொண்டிருந்தது. நாதசுரம் கற்றவனைத் தவிலடிக்க உட்கார்த்தியது போல ஆயிற்று. எழுபதுகளின் நடுப்பகுதி அது.

என்னைப் பெரம்பலூரில் குடியமர்த்தினார்கள். காரணம் எளியது. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்த அளவுக்கு எங்கள் சீட்களைப் பற்றிப் புகார் வேறெங்கிருந்தும் வரவில்லை. வெயில் எல்லா ஊருக்கும் பொது. அரியலூர்ப் பக்கம் அதோடு சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் தூசியும் உண்டு. மாவு போல மெல்லியது, ஆனால் அரம் போல அறுக்கும். சுரங்கத்து வேலைக்குப் போகிறவன் காலையில் கறுப்புச் சீட்டில் ஏறி, மாலையில் வெள்ளைச் சீட்டில் வீடு திரும்புவான். வந்தவுடன் தோளிலிருக்கும் துண்டின் முனையை நனைத்து ஒரு துடை துடைப்பான். அதுதான் கேடு. அரைகுறை ஈரம் அந்தத் தூசியைக் கூழாக்கிவிடும்; துடைப்பவன் தன் சீட்டைத் தானே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான் என்று பொருள். முதலில் மெல்லிய தூரிகையால் உலர்வாகத் தட்ட வேண்டும். பிறகு தண்ணீரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். பூந்திக்கொட்டை நுரையிட்டுக் கழுவி, துடைத்து, நிழலில் உலர விடவேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் இளமை கழிந்தது. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்களில் சீட்டுக்குத் தாராளமாக ஊற்றச் சொன்ன என்னை அவர்கள் அடிக்காமல் விட்டது அவர்களுடைய பண்பு.

எனக்கு மேலதிகாரி தாமோதரன் சார். சென்னையிலிருந்து இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் மூடியிட்ட ஒரு தையல் ஊசி. என்னையும் 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். புகார் வந்த வண்டியின் அருகே போனதும் உரிமையாளரிடம் ஊரில் மழை எப்படி என்று விசாரிப்பார். சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். "மனுஷனைக் கேட்டா அவன் நெனைக்கிறதைச் சொல்வான். மொதல்ல சீட்டைக் கேளுங்க" என்பார். அதற்கென்று ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து மோந்து பார்ப்பார். அடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, குழி நிமிர எவ்வளவு நேரமாகிறது என்று கவனிப்பார். கடைசியாகச் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, உறையின் ஓரத்தைப் பிரித்து, ரெக்சினின் முதுகில் இருக்கும் பருத்தித் துணியைப் பார்ப்பார். மேல் பக்கத்தை எவனும் துடைத்துப் பளபளப்பாக்கிவிட முடியும். முதுகுத் துணியை யாரும் தொடுவதில்லை. தண்ணீர் பட்டிருந்தால் அதில் திட்டு இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் தையலின் ஊசித் துளை வழியாக இறங்கி, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்பு வளையம் விழுந்திருக்கும். எத்தனை ஆண்டானாலும் அந்த வளையம் போகாது.

பிறகு அறிக்கை எழுதுவார். அதன் முதல் வரி எப்போதும் 'இருக்கை கூறுவது' என்றிருக்கும். அடுத்து இரண்டு வரி, சிலவேளை மூன்று. யார் செய்தது, ஏன் செய்தது என்பது ஒருநாளும் இடம்பெறாது. இருக்கைக்கு அது தெரியாது என்பார். அறிக்கை எழுதாமல் அவர் எந்தச் சீட்டையும் விட்டதில்லை, ஒன்றைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

தோலுக்கும் ரெக்சினுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் எனக்குச் சொன்னது உடையார்பாளையத்தில். நிலபுலம் உள்ள ஒருவர் ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டோடு பழைய வண்டி ஒன்றை வைத்திருந்தார். தோல் வறண்டு வெடிக்கிறது என்று புகார். ரெக்சின்காரர்களிடம் தோலுக்கு வைத்தியம் கேட்பது பற்றி அவருக்குக் கூச்சம் ஏதும் இல்லை. தாமோதரன் சார் மோந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நெய்" என்றார்.

"ஆமாங்க" என்றார் உரிமையாளர் பெருமையோடு. "எண்ணெய் போடச் சொன்னாங்க. நம்ம கௌரவத்துக்கு எண்ணெய் போட முடியுங்களா? நெய்தான் போட்டேன். பசு நெய்யி."

"நாய் வருதா?"

"அதாங்க சங்கடம். தெரு நாயெல்லாம் வண்டியச் சுத்தியேதான் கெடக்குது. பின்னால ஒரு மூலையத் தின்னே புட்டுது."

திரும்பும்போது தாமோதரன் சார் சொன்னார்: "தோலுக்குத் தாகம் உண்டு. செத்த பிறகும் குடிக்கும். அளவா நல்ல எண்ணெய் குடுத்தா நூறு வருஷம் இருக்கும். ரெக்சினுக்குத் தாகம் கிடையாது. அதுக்குள்ள இருக்கிற மென்மை ஆலையிலயே ஊட்டினது. மேல எண்ணெய் தடவினா அது உள்ள போகாது. உள்ள இருக்கிற மென்மையை வெளியே இழுத்துட்டு வந்துரும்." பின்னர் நான் படித்த எந்தத் தொழில்நுட்பக் கட்டுரையும் இதைவிடக் கூடுதலாக எதையும் சொல்லவில்லை.

ஆயுத பூசை எங்களுக்குப் பெரிய கண்டம். குங்குமத்தின் சாயம் ரெக்சினுக்குள் இறங்கிவிட்டால் எதைப் போட்டும் எடுக்க முடியாது. பூசை முடிந்த வாரத்தில் பெரம்பலூர்க் கடைத்தெருவில் நிற்கும் வண்டிகளின் சீட்டில் வரிசையாகச் சிவப்புக் கட்டைவிரல்கள் தெரியும். அதற்கு முந்தைய நாட்களில் பட்டறை பட்டறையாகப் போய், குங்குமப் பொட்டை வண்டியின் முன்விளக்கில் வையுங்கள், சீட்டில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு மெக்கானிக் மட்டும் அதை ஏற்கவில்லை. "எல்லாத்துக்கும் வச்சிட்டு சீட்டுக்கு மட்டும் வைக்கலன்னா அது கோவிச்சுக்காதா சார்? நம்மளச் சொமக்குறதே அதானே?" என்றார். அந்த வாதத்துக்கு வேதியியலில் விடை இல்லை. சீட்டுக்குப் பூ வைக்கலாம் என்று முடிவாயிற்று. தாமோதரன் சார் அதை மிகவும் பாராட்டினார்.

இனி, அறிக்கை எழுதப்படாத அந்தச் சீட். அது என்னுடையது.

வேலையில் சேர்ந்த சில மாதங்களில் எனக்குத் திருமணம் நடந்தது. மனைவி தனலட்சுமி கும்பகோணத்துக்காரி, தனம் என்பேன். பெரம்பலூரில் வாடகை வீடு. நிறுவனம் கொடுத்த மோட்டார் சைக்கிளில் நாளெல்லாம் சுற்றிவிட்டு வருவேன். கோடை. நண்பகலில் கறுப்புச் சீட்டில் உட்காருவதும் தோசைக்கல்லில் உட்காருவதும் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் முதலில் நாற்காலியில் உட்கார மாட்டேன். சற்று நேரம் நின்றபடியே பேசிக்கொண்டிருப்பேன். அதைத் தனம் கவனித்திருக்கிறாள் என்பதற்குமேல் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கோடையின் முடிவில் என் சீட் பிசுபிசுக்கத் தொடங்கியது. முன்பாதியில், நான் உட்காரும் இடத்தில், காற்சட்டை ஒட்டிக்கொண்டது. பிறகு அங்கேயே விறைத்து, மெல்லிய கீறல்கள் கண்டன. அந்த முறை ஆலையிலிருந்து வந்த ரெக்சின் சுருள்கள் சரியில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். தாமோதரன் சார் வந்ததும் வீட்டு வாசலிலேயே வண்டியைக் காட்டி, சுருள்களின் குறையைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். தனம் கதவருகே காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து முன்பாதியை மோந்தார். பின்பாதியையும் மோந்தார். நிமிர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு காபியை வாங்கிக் குடித்தார். காபி மிக நன்றாக இருக்கிறது என்று தனத்திடம் சொன்னார். பிறகு என்னிடம், "புது உறை போட்டுக்குங்க. இதுக்கு ரிப்போர்ட் வேண்டாம்" என்றார்.

கடைவீதியில் சீட் தைப்பவரிடம் அவரே உடன் வந்து உறையை மாற்றச் செய்தார். பிரித்த பழைய உறையைத் தையல்காரர் மூலையில் எறியப்போனபோது தடுத்து, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதைத் தனத்திடம் நீட்டி, "நல்ல துணிம்மா. பை தைச்சுக்கிட்டா ரொம்ப நாள் உழைக்கும்" என்றார். அவள் அதைக் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டாள். பெரிய அதிகாரி முன் வெட்கம் என்று நினைத்தேன்.

பை தைத்தாள். முன்பாதி ஒரு முகம், பின்பாதி மறு முகம். உள்ளே பழைய புடவைத் துணியை வைத்து மூடித் தைத்தாள். காய்கறிக்கும் கோயிலுக்கும் அந்தப் பைதான்.

எண்பதுகள் பிறந்த புதிதில் வந்த ஒரு புகாரே நான் கையாண்டவற்றில் மிகக் கடினமானது. கீழப்பழுவூரில் செங்கல் சூளை வைத்திருந்த மாணிக்கம் என்பவர் தம் மகள் செல்வராணியை விக்கிரமங்கலத்தில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை கலியபெருமாள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேற்பார்வையாளர். திருமணத்துக்கு மாமனார் புது மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அதன் சீட் பாளம் பாளமாக வெடித்தது. ஆடிக்குத் தாய்வீடு வந்த பெண்ணை ஆவணி பிறந்தும் அழைத்துப்போக யாரும் வரவில்லை.

நான் போவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. எங்காவது அழைத்துப் போய் எத்தனை நாளாயிற்று என்று தனம் கேட்டாள். பழுவூர்க் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. தேங்காய் பழம் வைத்த அந்தப் பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

மாணிக்கம் பெரிய மனிதர், குரலும் பெரிது. அன்று அது அடங்கியிருந்தது. "எஞ்சினுக்கு நம்பரு இருக்குங்க, பொஸ்தகத்துல பாத்துக்கலாம். சீட்டுக்கு நம்பரு ஏதுங்க? புது வண்டியில பழைய சீட்ட மாட்டிக் குடுத்து ஏச்சிட்டான்னு ஊரு பூரா பேசிட்டாங்க" என்றார். வண்டி விற்றவரிடம் கேட்டிருந்தாராம்; அவர் சீட்டுக்காரர்களைக் கேளுங்கள் என்று என்னிடம் தள்ளியிருந்தார்.

செல்வராணி மோர் கொண்டுவந்தாள். தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சீட்டு போனா போவுதுங்க. எங்கப்பா ஏமாத்துனாருன்னு ஒரு வார்த்த வந்துருச்சு. அத வச்சிக்கிட்டு அந்த வூட்ல எப்படிங்க சோறு திங்கிறது? நீங்க சரியாப் பாத்துச் சொல்லுங்க. எப்படி இருந்தாலும் சரி." நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சம்பந்தி வீட்டுக்கு மாணிக்கம் வருவது முறையல்ல என்பதால் நானும் தனமும் மட்டும் விக்கிரமங்கலம் போனோம்.

அங்கே கலியபெருமாள் வண்டியருகே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நல்ல பையன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பேச்சு முழுவதும் அவன் தாயாருடையது. அஞ்சலை என்று பெயர். கணவனை இளமையிலேயே இழந்து, களையெடுத்தும் கடலை பிடுங்கியும் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். தெருவில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். "புது சீட்டுன்னா கண்ணாடியாட்டம் இருக்கணும்யா. இது முதலை முதுகாட்டம் இருக்கு. எம்மவன் ஏமாளின்னு நெனச்சாங்களா?" என்று என்னைக் கேட்டார். இந்த ஆண்டு மழை எப்படி என்று நான் விசாரித்தேன். அவருக்கு என் மூளையின்மீது நம்பிக்கை போய்விட்டது.

தனத்தைப் பெண்கள் உள்ளே அழைத்து நிலைப்படிக்கு அருகே பாய் போட்டு உட்காரவைத்தார்கள். நான் வண்டியை வேப்ப மர நிழலுக்குத் தள்ளச் சொன்னேன். குனிந்து மோந்தேன். அதற்குள் என் மூக்கு திருந்தியிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை; விளக்கெண்ணெய். நிமிர்ந்தபோது வீட்டின் மாடக்குழியில் விளக்குக்குப் பக்கத்தில் சீசா தெரிந்தது. கழுத்துவரை எண்ணெய் ஒழுகிய சீசா. கட்டைவிரலால் அழுத்தினேன். ஸ்பாஞ்ச் உடனே நிமிர்ந்தது. உட்கார்ந்து தேய்ந்த ஸ்பாஞ்ச் அப்படி நிமிராது. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடித்தகட்டில் வர்ணம் கண் விழித்தது போலப் பளிச்சென்றிருந்தது. உறையை மாட்டிய கொக்கிகளில் துருவின் புள்ளி கூட இல்லை. ஓரத்தைப் பிரித்து முதுகுத் துணியைத் திருப்பினேன். புது வேட்டியின் வெண்மை. ஆலையின் ஊதா முத்திரை மங்காமல் இருந்தது. தையல் வரிசை முழுக்க, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்பு வளையம்.

அருகே வந்து பார்க்கச் சொல்லி முத்திரையையும் துணியையும் கலியபெருமாளுக்குக் காட்டினேன். இந்தச் சீட் ஆலையிலிருந்து புதிதாக வந்தது, வண்டியோடு வந்தது, இதை யாரும் மாற்றவில்லை என்றேன். அவன் முகம் தெளிந்தது. கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "பழசு இல்லப்பா. சலவக்குப் போவாத துணி" என்று தீர்ப்பளித்தார்.

அப்போது அஞ்சலை கேட்டார்: "அப்ப ஏன்யா வெடிச்சுது?"

கேட்பார் என்று எனக்குத் தெரியும். விடையும் தெரியும். அதைச் சொன்னால், இத்தனை நாளாகத் தெருவைக் கூட்டி மாணிக்கத்தைத் தூற்றிய அம்மாள், அதே தெருவின் முன் தானே தன் மகனின் சீட்டைக் கெடுத்தவராகிவிடுவார். அந்த அவமானத்தோடு அவர் இருக்கும் வீட்டுக்குத்தான் செல்வராணி வாழ வரவேண்டும். சொல்லாமல் விட்டால், சூளைக்காரர் ஏதோ செய்துவிட்டார் என்ற சந்தேகம் அப்படியே நிற்கும். இருக்கை கூறுவது என்ற எங்கள் முதல் வரி, வாய்விட்டுச் சொல்லும்போது எவ்வளவு கனம் என்று அந்த நிழலில் நின்றபோது உணர்ந்தேன். வாயைத் திறந்தேன்.

"அவர ஏம்மா கேக்குறீங்க? என்னைக் கேளுங்க" என்றாள் தனம், உள்ளிருந்து.

எழுந்து வாசலுக்கு வந்தாள். கையில் பை. "கல்யாணமான புதுசுல இவரு வெயில்ல சுத்திட்டு வருவாரு. வந்தா உக்காரவே மாட்டாரு. கத்திரிக்காய் வதக்குன மாதிரி வருவாரு. எனக்கு மனசு கேக்கல. விளக்கெண்ணெய் குளிர்ச்சியாச்சேன்னு தெனமும் காலையில இவரு குளிக்கிற நேரத்துல சீட்டுல தடவுனேன். ரெண்டே மாசம். இதே மாதிரி வெடிச்சுப் போச்சு." பையைத் தூக்கிக் காட்டினாள். "இதோ, அந்த சீட்டுதான் இது. வெளிய போட மனசு வரல, பையாத் தச்சுட்டேன். ரெக்சினுக்கு எண்ணெய் ஆவாதாம். அது நமக்கு எப்படித் தெரியும்? சீட்டு கம்பெனிக்காரர் வூட்லயே இந்தக் கதின்னா பாத்துக்குங்க."

தெரு முழுவதும் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. பையை வாங்கிக் கீறல்களின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நீயுமா தடவுன?"

"ஆமாம்மா."

"காலையில மட்டுமா?"

"காலையில மட்டுந்தான்."

அஞ்சலை நிமிர்ந்து நின்றார். "நான் சாயங்காலமும் தடவுனேன்" என்றார்.

அதில் வெட்கம் சிறிதும் இல்லை. யார் பாசம் பெரிது என்ற கணக்கில் அவர் வென்றிருந்தார். பையைத் தனத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகன் பக்கம் திரும்பி, "இன்னும் என்னடா நின்னுக்கிட்டு? ஆவணி பொறந்து எத்தினி நாளாச்சு. போயி அந்தப் புள்ளயக் கூட்டியா. சம்பந்தியக் கண்டா நான் ஒரு நாளு வரேன்னு சொல்லு" என்றார். கொஞ்சம் யோசித்து, "நான் பேசுனத மனசுல வச்சிக்க வேணாம்னும் சொல்லு" என்று சேர்த்தார்.

அவனுடைய சீட் என் கையில் துண்டு துண்டாக இருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த புது உறையை நான் மாட்டி முடிக்கும்வரை அவன் பொறுக்கவில்லை. என் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆகவே அன்று பழுவூர்க் கோயிலுக்குப் போகமுடியவில்லை. அஞ்சலை அம்மாள் போட்ட கருவாட்டுக் குழம்பை உண்டுவிட்டு மாலைவரை காத்திருந்தோம். செல்வராணி எங்கள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். அஞ்சலை சீசாவை எடுத்து மருமகள் கையில் கொடுத்து, "இத விளக்குக்கு மட்டும் ஊத்து" என்றார். புது உறைக்குச் செய்ய வேண்டிய பராமரிப்பை நான் விளக்கியபோது எல்லோரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

வரும் வழியில் தனத்திடம், அபாரமான பொய் என்றேன். கையில் இருந்த பையையே சாட்சியாக்கியதை மிகவும் வியந்தேன். பின்னாலிருந்து, "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அறிக்கை எழுதினேன். 'இருக்கை கூறுவது: புதியது. எண்ணெயும் சுண்ணாம்புக்கல் தூசியும் பட்டுள்ளன. உறை மாற்றப்பட்டது.' தாமோதரன் சார் அதைப் படித்துத் திருத்தம் ஏதுமின்றிக் கையெழுத்திட்டார். நடந்ததை வாய்மொழியாகவும் சொன்னேன். தனம் சொன்ன பொய்யைச் சற்று நடித்தே காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "அப்படியா" என்றார்.

அந்தக் கதையை அதன் பிறகு நான் எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில், திருமண வீடுகளில், என் பிரிவு உபசார விழாவிலும் கூட. ஒரு சீட்டைக் காப்பாற்ற ஆயிரம் வழி உண்டு, ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு நல்ல பொய் போதும் என்று முடிப்பேன். கைத்தட்டல் நிச்சயம். தனம் முன்வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களோடு சிரிப்பாள்.

இந்தக் கட்டுரையையும் அங்கேயே முடித்திருப்பேன். பொறியாளர்கள் வந்துபோன அடுத்த வாரம், சந்தையிலிருந்து திரும்பும்போது பையின் ஒரு காது அறுந்துவிட்டது. புதுப் பை வாங்கலாம். அதற்கு அவசியம் தோன்றவில்லை. தாமோதரன் சார் ஓய்வு பெறும்போது எனக்குக் கொடுத்த மூடியிட்ட ஊசி மேசையில் இருந்தது. காதைத் திரும்பத் தைக்க வேண்டுமானால் உள்ளே மூடிய புடவைத் துணியைப் பிரிக்க வேண்டும். நீலத்தில் சிறு கட்டம் போட்ட புடவை. அதைக் கட்டியிருந்தபோது எப்படி இருந்தாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பிரித்தேன். வழக்கம் காரணமாக, துணியின் முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

இதை யாரிடம் கேட்டுத் தெளியலாமோ அவர்கள் இருவரும் இப்போது இல்லை. தாமோதரன் சார் மறைந்து பல காலம் ஆகிறது; தனம் சென்ற கார்த்திகையில். ஆகவே இருக்கையையே கேட்க வேண்டியதாயிற்று. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, இரண்டு முகங்களையும், தையல் வரிசை ஒவ்வொன்றையும் பார்த்தேன். அவர் எழுதாமல் விட்ட அறிக்கையை, இத்தனை ஆண்டுகள் என் கதையைக் கேட்டவர்கள் திருத்திக்கொள்வதற்காக, அவர் முறைப்படியே இங்கே எழுதுகிறேன்.

இருக்கை கூறுவது: ஓட்டுபவர் அமரும் முன்பாதியில், ஊசித் துளைகள் அனைத்தையும் சுற்றி எண்ணெய் வளையங்கள் உள்ளன. பின்னால் அமர்பவரின் பாதி சுத்தமாக இருக்கிறது; அங்கே ஒரு துளி கூடத் தடவப்படவில்லை.